மினி கேமா, ராஸ்பெரி பையா: அண்ணாவின் சாக்குப்போக்கை முறியடித்த கதை

கடந்த ஞாயிறு பின்னேரம் அண்ணா எங்கள் கழுகைத் தானே சுட்டு வீழ்த்தினார். டாங்கி விளையாட்டில் செங்கல் அரணுக்குள் இருக்கும் அந்தக் கழுகைக் காப்பதுதான் இருவருக்கும் வேலை. 2003இலும் அவர் இதைத்தான் செய்தார். அன்று சொன்ன சாட்டையே இன்றும் சொல்லப் பார்த்தார்: "பட்டன் பிந்தி வேலை செய்கிறது." நான் போனை எடுத்து, மெதுவோட்டத்தில் பிடித்து வைத்திருந்த காணொளியைக் காட்டினேன். விரல் அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிந்ததற்கும் இடையே 83 மில்லி செக்கன். ரிவி எடுத்துக்கொள்ளும் நேரமும் அதற்குள் அடக்கம். அண்ணா பேசாமல் தேநீரை எடுத்துக்கொண்டார்.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் பழைய கேம்களை ஓடவைத்து அந்த 83ஐ எட்டுவதற்கு எனக்கு மூன்று மாதமும் 31,000 ரூபாயும் செலவாயின. அதில் 10,500 ரூபாய் சுத்த நட்டம்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட தொண்ணூறுகளில் ரிவி கேம் என்பது எங்களுக்குக் கேள்விப்பட்ட பொருள்கூட இல்லை. 2002இல் யுத்தத்தால் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்து, அடுத்த வருடம் அண்ணா கொழும்பிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் துணிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். 1983இல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகொம் என்ற விளையாட்டு இயந்திரத்தின் போலி அது என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். மஞ்சள் கசற் ஒன்று. மேலே 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தவை பத்துப் பன்னிரண்டுதான், பெயரும் நிறமும் மாறி மாறி வரும். எங்களுக்கு அதில் இரண்டு போதும்: டாங்கி, கொன்ட்ரா.

நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்குச் சில வாரம் முன்பு பெறாமகன் "சித்தப்பா, அப்பாவும் நீங்களும் விளையாடிய டாங்கி எப்படி இருக்கும்?" என்று கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. அவனுக்குப் பத்து வயது.

முதலில் சோம்பேறி வழியைப் பிடித்தேன். யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் 3,400 ரூபாய்க்கு மினி கேம் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு, இரண்டு கைப்பிடிகள், 620 விளையாட்டுகள் என்ற அறிவிப்பு. டாங்கி இருந்தது. ஆனால் அதிலிருந்து வருவது மஞ்சள், வெள்ளை முனை கொண்ட பழைய ஏ.வி. வயர். எங்கள் எல்.ஈ.டி. ரிவியில் அதைச் செருகும் இடமே மாறிவிட்டது. இன்னொரு இணைப்பு வயர் தேடி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையே அலைந்தேன். இணைத்த பிறகு படம் கஞ்சித் தண்ணீருக்குள் மூழ்கியதுபோல் வந்தது. டாங்கி நான் திருப்பிய பிறகு யோசித்துத் திரும்பியது. முதல் நூறு விளையாட்டுகளைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தேன். வேறு வேறானவை 61.

ஒரு யோசனையில் களஞ்சிய அறையில் கிடந்த பழைய குழாய் ரிவியைத் தூசி தட்டி அதில் இணைத்தேன். டாங்கி உடனே திரும்பியது! அந்த வகை ரிவி, வருகிற சிக்னலை வந்தபடியே திரையில் கீறிக்கொண்டு போகும். புதிய ரிவி படத்தை வாங்கி, பெருப்பித்து, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். இந்த ஒரு பரிசோதனையிலேயே விடை என் கையில் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. "பெட்டி மலிவுச் சாமான், அதுதான் இப்படி" என்று முடிவுகட்டி அதை மூலையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். குழாய் ரிவியும் இரண்டாம் நாள் புகை மணம் விட, அம்மா அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்தது ராஸ்பெரி பை. கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படித்து முடித்த ஒரு பொடியன் செயற்றிட்டத்துக்கு வாங்கிய 3 பி பிளஸ் பலகையை 9,500 ரூபாய்க்குத் தந்தார். ஒரு கிகாபைட் நினைவகம். எட்டு பிட், பதினாறு பிட் விளையாட்டுகளுக்குத் தாராளம். மெமரி கார்ட் 64 கிகாபைட் என்று சொல்லி 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை அதில் ஏற்றினேன், ஓடியது. விளையாட்டுக் கோப்புகளைப் போடப் போட, முதலில் போட்டவை காணாமல் போயின. கார்டை முழுதும் எழுதித் திருப்பிப் படித்துச் சோதிக்கும் சிறு மென்பொருள் ஒன்று இருக்கிறது. இரவு முழுதும் ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் உண்மையான கொள்ளளவு எட்டு கிகாபைட்டுக்கும் குறைவு. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. பகிடி என்னவென்றால், எனக்கு 64 தேவையே இல்லை. முதல் சூப்பர் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்தான். போனில் எடுத்த ஒரு படத்தின் அளவுக்குள் அதைப் போன்றவை ஐம்பதைக் கொட்டலாம். 2,900 ரூபாய்க்கு நம்பகமான 32 கிகாபைட் ஒன்று வாங்கிச் சோதித்துப் பார்த்த பிறகே பயன்படுத்தினேன்.

பிறகு திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரத் தொடங்கியது. சத்தம் கரகரக்கும், சில நேரம் தானாக அணைந்து எழும்பும். மென்பொருள்தான் பிழை என்று இரண்டு முறை அழித்து மறுபடி ஏற்றினேன். கடைசியில்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். பலகையின் இரண்டாம் ஊசிக்கும் ஆறாம் ஊசிக்கும் இடையே 5 வோல்ட் இருக்க வேண்டும். விளையாட்டு ஓடும்போது 4.58 காட்டியது. 4.63க்குக் கீழே போனால் அந்த மின்னல் வரும். போன் சார்ஜரில் இரண்டு அம்பியர் என்று எழுதியிருந்தது உண்மையாகவே இருக்கலாம். குற்றவாளி அதன் வயர்: ஒன்றரை மீற்றர் நீளம், நூல் போன்ற தடிப்பு. இரண்டரை அம்பியர் தரும், தடித்த வயர் பொருத்திய மின்வழங்கி 2,600 ரூபாய். அதில் 5.06 வோல்ட். மின்னல் மறைந்தது.

பெட்டிக்கு யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் மூடியோடு ஒரு பனையோலைப் பெட்டி, 450 ரூபாய். பிளாஸ்டிக் கூட்டைவிட அழகு, சந்தேகமில்லை. பலகை ஓலையில் உரசக்கூடாது என்று உள்ளே தடித்த காட்போட் மட்டை வைத்து மூடினேன். அரை மணித்தியாலத்தில் வெப்பநிலை 79 பாகை. இந்தப் பலகை 60 பாகையைத் தாண்டினாலே 1.4 கிகாஹேட்ஸிலிருந்து 1.2க்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னல் இடைவெளியால் காற்றுப் போகும் என்று பெருமையாக நினைத்த நான்தான் மட்டை வைத்து எல்லாத் துவாரத்தையும் அடைத்திருந்தேன். மட்டையை எடுத்தேன். நான்கு மரக்குமிழ்களின் மேல் பலகையைத் தூக்கி வைத்து, 650 ரூபாய்க்கு வெப்பக் கடத்தியும் சிறு விசிறியும் பூட்டினேன். 54 பாகைக்கு மேல் இப்போது போவதில்லை.

இவ்வளவும் சரியான பிறகும் டாங்கி பிந்தியே திரும்பியது. இங்கேதான் மூன்று வாரம் வீணானது. எமுலேட்டரை, அதாவது பழைய இயந்திரம்போல் நடிக்கும் மென்பொருளை, மாற்றினேன். வேகத்தைக் கூட்டினேன். பட வடிகட்டிகளை எல்லாம் நிறுத்தினேன். எமுலேஷன் என்றாலே இப்படித்தான், அசல் இயந்திரத்துக்கு ஈடாகாது என்று பெறாமகனுக்கு ஒரு விரிவுரைகூட நடத்தினேன். அவன் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ஏன் செய்கிறீர்கள்?" என்றான்.

தேர்த் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்பு கனடாவிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்தார். பிள்ளைகளின் பயணப் பையில் நின்டென்டோவின் மினி இருந்தது: ஃபேமிகொமின் அமெரிக்க வடிவமாக 1985இல் வந்த என்.ஈ.எஸ். இயந்திரத்தின் சிற்றுரு. 2016 நவம்பரில் வந்து, 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு, ஆட்கள் கூப்பாடு போட்டதில் 2018 யூனில் மறுபடி வந்த அதே பெட்டி. 30 விளையாட்டுகள், அமெரிக்காவில் 59.99 டொலர். எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகி, பழைய போன் சார்ஜரில் மாட்டி, பட்டனை அழுத்த மாரியோ வந்தது. நேரம் பார்த்தேன்: ஒரு நிமிடமும் ஆகவில்லை. மூன்று வாரம் நித்திரை முழித்தவனுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் மாரியோ பிந்தித்தான் குதித்தார்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பிழை என் பலகையில் மட்டும் இல்லை. போனை செக்கனுக்கு 240 பிரேம் எடுக்கும் மெதுவோட்டத்தில் வைத்து, கட்டைவிரலும் திரையும் ஒரே படத்தில் விழும்படி ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி நிறுத்தினேன். ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 4.2 மில்லி செக்கன். விரல் பட்டனின் அடியைத் தொட்ட பிரேமிலிருந்து மாரியோவின் கால் தரையை விட்ட பிரேம் வரை எண்ண வேண்டும். ஒவ்வொன்றையும் பத்து முறை எடுத்து நடு எண்ணை எழுதினேன். மினி 38 பிரேம். புளூடூத் கைப்பிடியோடு என் பை 46 பிரேம்.

ரிவியின் பட அமைப்புகளுக்குள் ஐந்து படி இறங்கினால் 'கேம்' என்று ஒரு தெரிவு. அதைப் போட்டேன். மினி 21, பை 29. இரண்டிலும் சரியாக 17 பிரேம் குறைந்தது. கிட்டத்தட்ட 71 மில்லி செக்கனை ரிவி மட்டும் விழுங்கியிருக்கிறது. குழாய் ரிவி முதல் நாளே காட்டிக்கொடுத்த உண்மை இது. மிச்சம் எட்டு பிரேமில் ஐந்து புளூடூத்தின் பங்கு. 5,500 ரூபாய் கொடுத்து வாங்கிய இரண்டு வயரில்லாக் கைப்பிடிகளைக் கழற்றி, 1,650 ரூபாய் வீதம் இரண்டு யூ.எஸ்.பி. கைப்பிடிகள் பூட்டினேன்: 24. விளையாட்டின் பிரேமை (ஒன்று நான்கு போன் பிரேமுக்குச் சமம்) முன்கூட்டியே கணித்து வைத்துக்கொள்ளும் வசதி, ரெட்ரோபைக்குள் இருக்கும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் 2018 முதல் இருக்கிறது. அதில் ஒன்று என்று போட்டதும் 20. மினியைவிட ஒரு போன் பிரேம் முன்னால். இதை மச்சானிடம் காட்ட நான் காத்திருந்த காத்திருப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

எமுலேஷனைப் பற்றி நான் நடத்திய விரிவுரை எவ்வளவு அபத்தம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மினியும் எமுலேட்டர்தான். உள்ளே இருப்பது 1985இன் சில்லு அல்ல. ஆல்வின்னர் ஆர்16 என்ற நான்கு கருச் சில்லு, 256 மெகாபைட் நினைவகம், லினக்ஸ், அதற்கு மேல் நின்டென்டோவின் பாரிஸ் பிரிவு எழுதிய எமுலேட்டர். சேகாவின் மெகா டிரைவ் மினிக்கு எம்2 என்ற ஜப்பானிய நிறுவனம் அந்த வேலையைச் செய்தது. 2018இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் ஓடுவது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்ட், 20 விளையாட்டுகளில் 9, மெதுவாக ஓடும் 50 ஹேட்ஸ் ஐரோப்பியப் பதிப்புகள். ஆகவே மினி வாங்குகிறவர் அசல் இயந்திரத்தை வாங்கவில்லை. நான் மூன்று மாதம் பட்ட பாட்டை வேறொருவர் பட்டு முடித்த நிலையில் வாங்குகிறார். நல்லவர் கையில் வேலை போயிருந்தால் காசு பெறும். இல்லாவிட்டால் பிளேஸ்டேஷன் கிளாசிக்.

மினியில் எனக்குக் குறையாகப் பட்டவை இரண்டு. கைப்பிடி வயரின் நீளம் முக்கால் மீற்றர்தான். எங்கள் ரிவி சுவரில், ஐந்தடி உயரத்தில். பிள்ளைகள் அதற்கு நேர் கீழே சுவரோடு ஒட்டி நின்று அண்ணாந்து விளையாட, அம்மா "கண் பூஞ்சையாகிவிடும், இங்கால வாருங்கள்" என்று குசினியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். மூன்று மீற்றர் எச்.டி.எம்.ஐ. வயர் 1,100 ரூபாய்க்கு வாங்கிப் பெட்டியை ஹோலின் நடுவில் ஸ்டூலுக்கு இறக்கினோம். விளையாட்டை மாற்ற ரீசெட் பட்டனை எழுந்துபோய் அழுத்த வேண்டும் என்பதால் அதுவே வசதியாகவும் போனது. அந்த வயர் இப்போது ராஸ்பெரி பையில் மாட்டியிருக்கிறது.

இரண்டாவது குறை பெரியது. டாங்கி அதில் இல்லை! 1985இல் நாம்கோ வெளியிட்ட அந்த விளையாட்டு அந்தக் காலத்தில் அமெரிக்க என்.ஈ.எஸ்.ஸுக்கு வரவே இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளின் நினைவை வைத்துத் தெரிந்த பட்டியலில் அதற்கு இடமில்லை. கொன்ட்ராவும் இல்லை, அதன் அடுத்த பாகமான சூப்பர் சி இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் போலிப் பெட்டியில் விளையாடி வளர்ந்தவர்களின் நினைவு வேறு. பெறாமகனுக்குக் காட்ட நினைத்தது டாங்கியை. உலகத்தின் மிக அழகான மினி அதற்கு உதவாது.

கோப்புகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், இதில் மினிதான் சுத்தம். 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது; இணையத்தில் கிடைக்கிறது என்பதால் எதுவும் நம்முடையதாகிவிடாது. என்னிடம் மஞ்சள் கசற் இன்னும் இருக்கிறது என்று சொல்லித் தப்பவும் முடியாது, அதுவே திருட்டுப் பிரதி. பையில் டாங்கியையும் கொன்ட்ராவையும் தவிர மற்றதை அழித்தேன். அந்த இரண்டுக்கும் என்னிடம் நியாயமில்லை. காசு கொடுத்து வாங்கியது மைக்ரோ மேஜஸ்: 2019இல் புதிதாக எழுதி அதே பழைய 40 கிலோபைட்டுக்குள் அடக்கிய விளையாட்டு, நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். பெறாமகன் டாங்கியைவிட அதைத்தான் அதிகம் கேட்கிறான்.

மச்சான் பெட்டியோடு கனடா போன பிறகு, ஐப்பசி மழையில் கடைசிப் பாடம் வந்தது. இடி முழங்கி மின்சாரம் நின்றது. பை அடுத்து எழும்பவில்லை. கார்டில் எழுதிக்கொண்டிருந்த நேரம் மின் போனதால் கோப்பு அமைப்புச் சிதைந்துவிட்டது. மச்சான் நின்ற நாட்களில் மினியில் பிள்ளைகள் எத்தனையோ முறை வயரைப் பிடுங்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. மின்வெட்டில்கூட அதைச் சாதாரண பவர் பாங்கில் போட்டோம். ஐந்து வோல்ட், ஒரு அம்பியர் அதற்குப் போதும். பை அதே பவர் பாங்கில் மின்னல் குறி காட்டியது. கார்டை மறுபடி தயாராக்க ஒரு முழு இரவு போனது. இப்போது அதன் முழுப் பிரதி கணினியில் இருக்கிறது, அணைப்பதற்கென்று இரண்டு ஊசிகளுக்கு இடையில் ஒரு அழைப்புமணிப் பட்டனும் பூட்டியிருக்கிறேன். பட்டன் அம்மாவின் பழைய மணியிலிருந்து கழற்றியது, செலவில்லை.

கணக்கு: பலகை, நல்ல கார்ட், மின்வழங்கி, யூ.எஸ்.பி. கைப்பிடிகள், எச்.டி.எம்.ஐ. வயர், வெப்பக் கடத்தியும் விசிறியும், பனையோலைப் பெட்டி எல்லாம் 20,500. போலி மினி, போலிக் கார்ட், புளூடூத் கைப்பிடிகள் நட்டம் 10,500. கொழும்பில் பழைய மினி ஒன்றை விசாரித்தேன். பெட்டி இல்லாமல், ஒரே கைப்பிடியோடு 42,000 சொன்னார்கள், அசலா போலியா என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அந்த விலைக்கு வாங்கமாட்டேன். வெளியான நாளின் 59.99 டொலர், டொலருக்கு முந்நூறு ரூபாய் என்று பார்த்தால், பதினெண்ணாயிரம் ரூபாய் வரும். அந்த விலைக்கு வெளிநாட்டு உறவினர் யாரிடமாவது சும்மா கிடந்தால், மாரியோவும் செல்டாவும் போதுமென்றால், வாங்கிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்வேன். டாங்கி வேண்டுமென்றால் பைதான். மறுபடி செய்தால் முதல் நாளே ரிவியை 'கேம்' நிலைக்கு மாற்றி, போனில் அளந்து பார்த்த பிறகே ஒரு சதம் செலவழிப்பேன்.

இடப்பக்கக் கைப்பிடியில் சுடும் பட்டன் போன கிழமை இறுகிவிட்டது. ஐந்து திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே ஒரு இறப்பர் விரிப்பு. பட்டனுக்குக் கீழே இருந்த கறுப்புக் கரிப் பூச்சு தேய்ந்து சாம்பல் நிறமாகியிருந்தது. சுத்தமான ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு இரு பக்கமும் துடைத்து, காய்ந்ததும் 2பி பென்சிலால் அந்த வட்டத்தை அழுத்தித் தேய்த்தேன். வேலை செய்தது. எட்டு நாள் தாங்கியிருக்கிறது. வலப்பக்கக் கைப்பிடியை அண்ணா தனக்கு என்று எடுத்துக்கொண்டார், அதில் இதுவரை ஒரு கோளாறும் இல்லை.